தாமரை இலையும் தோலில் அணியும் உணரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபரிலும் நவம்பரிலும் மாலை இடிமழை, மழை ஓய்ந்தால் புழுக்கம் என்று இருப்பதால், நாடி, வெப்பநிலை போன்றவற்றை அளக்க உடலில் அணியும் உணரி (சென்சர்) எதுவும் இங்கே நெடுநேரம் உலர்ந்திருப்பதில்லை. முகத்துவாரத்திலிருந்து கடலுக்குப் போகிறவரின் மணிக்கட்டிலும், துறைமுகத்தில் வெயிலில் நிற்கும் தொழிலாளியின் மார்பிலும் அது உப்புநீரோடுதான் வேலை செய்ய வேண்டும். மேற்பரப்பில் நீர் ஒட்டாதிருப்பது, உள்ளே நீர் புகாதிருப்பது, நனைந்த பின்னும் அளவீடு சரியாக இருப்பது என்ற மூன்றும் வெவ்வேறு பண்புகள். இவற்றில் ஒன்று உறுதியானால் மற்ற இரண்டும் உறுதி என்று கொள்வதையே, இத்தகைய உணரிகளை வாங்குவோரிடமும் செய்து பழகும் மாணவரிடமும் நான் அதிகம் காண்கிறேன்.

நீர் ஒட்டாத பூச்சுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் தாமரை இலை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின்மீது மெழுகும் இருக்கின்றன. மேடுகளுக்கிடையே காற்று அடைபட்டிருப்பதால் நீர்த்துளி அந்தக் காற்றின் மேல் நின்று உருண்டுவிடுகிறது. துளி மேற்பரப்பைத் தொடும் கோணம் 150 பாகைக்கு மேல் இருந்து, சிறு சரிவிலேயே துளி உருண்டோடினால், அதனை மிகை நீர்விலக்கு மேற்பரப்பு என்பர். ஆனால் அடைபட்ட காற்று நிலையானது அல்ல. நீரில் அமிழ்த்தினால் அழுத்தத்தாலும், காற்று மெல்ல நீரில் கரைவதாலும் அது குறைந்து, மேற்பரப்பு முழுவதும் நனைந்துவிடக்கூடும். தோலும் உடையும் உரசும் இடத்தில் மேடுகள் தேய்ந்து போகின்றன. உயிருள்ள இலை தன் மெழுகை மீண்டும் சுரக்கும், நாம் பூசிய பூச்சுக்கு அந்த வசதி இல்லை. சவர்க்காரமும் தோலின் எண்ணெயும் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், குழாய்நீரை உருட்டிவிட்ட அதே பூச்சு குளியலறையில் நனைந்து நிற்பதில் வியப்பில்லை. ஆகவே புதிய உணரிப் பட்டியின் மீது ஒரு துளி விட்டுப் பார்ப்பதைச் சோதனையாகக் கொள்ளாமல், பல நாள் அணிந்து, உரசி, கழுவிய பட்டியின் மீதே அதனைச் செய்ய வேண்டும்.

அடுத்த தவறு, பெட்டியில் அச்சிட்ட நீர்த்தாங்கு குறியீட்டைத் தேவைக்கு மேல் நம்புவது. ஐபிஎக்ஸ்7 (IPX7) என்பது 1 மீற்றர் ஆழத்தில், அசையாத நன்னீரில், 30 நிமிடம் தாங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. பாய்ந்து வரும் நீருக்கு ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்ற சோதனைகள் தனியே உள்ளன. அமிழ்த்தியதைத் தாங்கிய கருவி பீய்ச்சலையும் தாங்கும் என்று கொள்வதற்கில்லை. கடல்நீரையும் வெந்நீரையும் நீராவியையும் இந்தக் குறியீடு கணக்கில் எடுப்பதில்லை. வெயிலில் சூடேறிய கருவியுடன் சட்டென்று கடலில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதால், தளர்ந்த நீர்த்தடுப்பு வளையத்தின் ஊடாக நீர் உள்ளே உறிஞ்சப்படலாம் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிலிக்கோன் உறை போட்டுவிட்டோமே என்ற நிம்மதியும் முழுமையானது அல்ல: சிலிக்கோன் நீரைத் தடுக்கும், ஆனால் நீராவியை எளிதில் கடத்தும். நம் ஊரின் ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் மின்சுற்றுக்கு, பரிலீன் போன்ற நெருக்கமான பூச்சும் உள்ளே தேவைப்படலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது. கருவி பழுதாகாமல் இயங்கிக்கொண்டே பொய்யான எண்ணைக் காட்டினால் அணிந்தவருக்கு அது தெரியாது. பச்சை ஒளியால் நாடியை அளக்கும் உணரிக்கும் தோலுக்கும் இடையே நீர் புகுந்து, பட்டியும் அசைந்தால், அளவீடு குழம்பும். குளிர்நீரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதாலும் உணரிக்குக் கிடைக்கும் சைகை (சிக்னல்) நலிவடையும். இதய மின்னலைகளை எடுக்கும் மின்வாய்களின் ஓரங்கள் தனித்தனியே காப்பிடப்படாவிட்டால், கடல்நீர் அவற்றிடையே மின்பாதையாகிச் சைகையை விழுங்கிவிடும். மின்தடை மாற்றத்தால் அசைவை அறியும் உணரியின் மேல் படியும் வியர்வைப் படலமும் அவ்வாறே போலி மாற்றத்தைத் தரும். தோல் வெப்பநிலையை அளப்பவர்கள், வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்வதை மறக்கக் கூடாது.

இதற்கு மருந்தாக உணரியை இறுக ஒட்டி மூடிவிடுவது இன்னொரு தவறாகும். வெளிநீரைத் தடுக்கும் அந்த உறையே வியர்வையை உள்ளே அடைத்து, தோலை ஊறவைத்துப் புண்ணாக்கி, ஒட்டுப்பசையையும் தளரச் செய்கிறது. நீரைத் தடுத்து ஆவியை வெளியேவிடும் துணியோ நுண்துளைப் படலமோ தோலோடு சேரும் பக்கத்தில் இருப்பது நல்லது.

நீருக்கடியில் புளூடூத் சில அங்குலங்களுக்கு மேல் எட்டாது என்பதால், தரவை உள்ளேயே சேமித்து வெளியே வந்தபின் அனுப்பும் கருவியையே நீந்துவோர் தேர வேண்டும். மின்னேற்றும் முனைகள் ஈரமாக இருக்கையில் மின்னேற்றினால் உப்பும் மின்னழுத்தமும் சேர்ந்து உலோகத்தை அரித்துவிடும். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவி, முற்றாக உலர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும்.

வாங்கிய பின் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வியர்த்து நனைந்த நிலையில் அமர்ந்து, மறு கையின் நாடியை விரலால் ஒரு நிமிடம் எண்ணி, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலர்ந்த நிலையிலும் இதையே செய்யுங்கள். உலர்ந்தபோது ஒத்துப்போய், நனைந்தபோது விலகினால், அந்தக் கருவியின் நீர்த்தடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மழையிலும் கடலிலும் அதன் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.