ஸ்கெட்ச் புக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓவிய ப்ராஜெக்ட் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தலைப்பு காளஹஸ்தி கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் கையால் வரையும் ஓவியம். நல்ல தலைப்புதான். ஆனால் முதல் நாலு பக்கமும் இணையத்திலிருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டிய வரலாறாகப் போய்விடுகிறது. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்கு ஒரு வரி போதும். மிச்ச இடத்தில், இதற்குப் பேனாவாகப் பயன்படும் 'கலம்' என்ற கருவியை வரையுங்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சி, அதன் மேல் சுற்றிய கம்பளி நூல் உருண்டை, சாயம் இறங்க அதை அமுக்கும் விரல்கள். இந்த ஒரு படமே பார்த்து வரைந்தவர் யார் என்று காட்டிவிடும்.

போனில் வந்த மயிலை அப்படியே ஸ்கெட்ச் பேனாவில் நகலெடுப்பது அடுத்த தவறு. எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான், ஏனென்றால் கலம்காரியின் உயிரே சாயத்தில் இருக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைத் தொட்டு வரைந்தால் கோடு கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் கெட்டியான பால் சேர்க்காத டீயைப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் அந்த நீரால் ஒரு கோடு இழுங்கள். வெளிறிய நீர் கண்ணெதிரே கறுக்கும். கடையில் வாங்கிய கறுப்பு மையில் இந்த ஆச்சரியம் கிடைக்காது.

டீ காயுமுன் வரைந்தால் கோடு பரவும். உடனே பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள் பிள்ளைகள். தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஓரத்தில் தேதி போட்டு, "ஈரத்தில் வரைந்தேன், பரவிவிட்டது" என்று எழுதுங்கள். பாலில் உள்ள கொழுப்பு துணியில் சாயம் பரவாமல் தடுக்கிறது. சரி, காகிதத்திலும் தடுக்குமா? அடுத்த பக்கத்துக்குச் சோதனை கிடைத்துவிட்டது. "அழகாக இருக்கிறது" என்று மட்டும் எழுதும் குறிப்பால் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம், எல்லாப் பக்கத்தையும் கடைசி ராத்திரியில் நிரப்புவது. ஒரே பென்சில், ஒரே அழுத்தம், பார்த்ததும் தெரிந்துவிடும். இறுதி ஓவியத்துக்கு நேரே தாவவும் வேண்டாம். தீப்பெட்டி அளவில் ஐந்தாறு கட்டம் போட்டு, நகரி மூக்கு மலை மேலே வருமா, விசைத்தறி முன்னால் வருமா என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்த கட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தையும், விட்டதை ஏன் விட்டீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் பெரிய தாளை எடுங்கள்.