பழைய ஹோண்டா சிட்டி விடெக்கை கார் ஷோவுக்குத் தயார் செய்வது எப்படி?

2003 கடைசியில் 'டால்ஃபின்' என்று செல்லப்பெயர் வாங்கிய அடுத்த தலைமுறை சிட்டி வருவதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்ததே, அந்தத் தாழ்வான, கோடு போட்டு வெட்டியது மாதிரி இருக்கும் சிட்டி விடெக், அதில் 1.5 லிட்டர் இன்ஜின், 106 குதிரைசக்தி. டர்போ கிடையாது, ஆனால் ஆர்.பி.எம். ஏற ஏற அது போடும் சத்தத்துக்கே இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டு அடுத்து என்ன செய்வதென்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால் ஒரே ஒரு அளவுகோல்தான்: வேலை முடிந்த பிறகு பார்ப்பவருக்கு "இது கம்பெனியே இப்படித்தான் விட்டிருக்குமோ" என்று சந்தேகம் வர வேண்டும். பெரிய ஸ்பாய்லர், போலி ஏர் வென்ட், கதவு நீள ஸ்டிக்கர் எல்லாம் அந்தச் சந்தேகத்தைக் கெடுத்துவிடும்.

1. அலாய் வீல் வாங்காதீர்கள், முதலில் துருவைத் தேடுங்கள்

எல்லோரும் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். கையில் இருக்கும் காசு வீலுக்குப் போய்விடும், பிறகு அடியில் துரு தெரிய வரும்போது பர்ஸ் காலி. அதனால் மேட், கார்பெட் இரண்டையும் தூக்கிப் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் உள்ளே ஒழுகிய கார் என்றால் தரைத் தகடு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழி, பின் வீல் ஆர்ச்சின் உள் விளிம்பு, கதவுக்குக் கீழே தண்ணீர் வடியும் ஓட்டைகள், முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் ஓரம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊரில் ஓடிய கார் என்றால் இரண்டு தடவை.

பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) எங்கே பூசியிருக்கிறது என்று கண்டுபிடிக்க சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது. பெயிண்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான், 300-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள், ஆயிரத்தைத் தாண்டினால் அந்தப் பேனல் ஒரு அடி வாங்கியிருக்கிறது. துரு பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மேலே பட்டி பூசி மூடினால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளம் கிளம்பும்.

2. இன்ஜின்

இதில் பவர் ஏற்றும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், கூடவே வாட்டர் பம்பும். வால்வ் கவர் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் இந்த இரண்டிலும் எண்ணெய் கசிவது ரொம்ப சகஜம். கசிவை நிறுத்தாமல் இன்ஜின் பே-யைத் துடைப்பது வீண் வேலை.

கழுவும்போது டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் இன்டேக், ஃபியூஸ் பாக்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் மூடிக்கொண்டு, ஆறிய இன்ஜினில் டீகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவாக வரும் தண்ணீரில் அலசுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். அப்புறம் மஞ்சளாகிப்போன கிளிப்புகள், துருப்பிடித்த போல்ட்டுகள், வெடித்த ஹோஸ்கள். இவற்றை மாற்ற ஆகும் செலவு குறைவு, ஆனால் பானெட்டைத் திறந்ததும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

3. வீலும் உயரமும்

இந்தக் காரின் பிசிடி 4x100, அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட்; வீலின் நடு ஓட்டை 56.1 மி.மீ. வெளியில் கிடைக்கும் அலாய்களில் நடு ஓட்டை பெரிதாக இருக்கும், அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். சைஸுக்கு 15 இன்ச் போதும், 17 போட்டால் பாவமாகத் தெரிகிறது. டயரின் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதுதான்: 185/60 ஆர்14 டயர் சுமார் 578 மி.மீ., 195/50 ஆர்15 சுமார் 576 மி.மீ. வித்தியாசம் இவ்வளவு சின்னதாக இருந்தால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது.

காரின் உயரத்தை இறக்குவதென்றால் 30 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்ஸார்பர், முடிந்ததும் வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு 30-க்கு மேல் இறக்கினால் எக்ஸாஸ்ட்தான் முதல் பலி.

4. பெயிண்ட்

பழைய பெயிண்ட் தேறும் என்றால் தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள். ஒரிஜினல் பெயிண்ட்டுக்கு இருக்கும் மதிப்பு தனி. கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட்டு, மறைப்பு டேப் ஒட்டி ஓர் அடிச் சதுரத்தில் மட்டும் பாலிஷ் போட்டுப் பாருங்கள். முதலில் மென்மையான பேட், லேசான பாலிஷ். கீறல் போகவில்லையென்றால் மட்டும் அடுத்த கட்டம். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தேய்த்துத் தீர்த்துவிட்டால் திரும்ப வராது. விளிம்புகளில் மெஷினை அழுத்தவே கூடாது.

முழுதாக அடித்தே ஆக வேண்டும் என்றால் அதே கலர், பாடித் தகட்டில் இருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்து. கலரை மாற்ற ஆசைப்பட்டால், ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது, முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாகிவிட்டது. பெயிண்ட்டுக்கு அனுப்பும்போது பீடிங், கைப்பிடி, விளக்கு, பம்பர் எல்லாவற்றையும் கழற்றித்தான் அனுப்ப வேண்டும். டேப் ஒட்டி அடித்தால் ரப்பர் ஓரத்தில் கோடு விழும், விவரம் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும். புது ரப்பர் பீடிங் தேடுவதற்கு அலைச்சல் அதிகம், ஆனால் கார் புதிதாகத் தெரிவதற்குப் பாதி காரணம் அதுதான்.

5. உள்ளே

தொட வேண்டியது கொஞ்சம்தான். சீட் துணியை ஒரிஜினல் டிசைனுக்கு நெருக்கமாகத் தைக்கச் சொல்லுங்கள், ஸ்டியரிங்குக்கு நல்ல லெதர், அவ்வளவு. டாஷ்போர்டில் பளபளக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், எண்ணெய் வடியும் முகம் மாதிரி ஆகிவிடும்.

6. ஷோ அன்று

வழியில் படிந்த தூசிக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் குயிக் டீட்டெயிலர் என்ற துடைக்கும் ஸ்ப்ரேயும் கையில் இருக்கட்டும். டயர் பாலிஷ் போட்டு உடனே கிளம்பினால் ஃபெண்டர் முழுக்கத் தெறிக்கும், அதனால் அங்கே போய் நிறுத்திய பிறகு போடுங்கள். கதவு விளிம்பு, பெட்ரோல் மூடியின் உள்பக்கம், எக்ஸாஸ்ட் முனை மூன்றையும் துடைக்க மறக்காதீர்கள். ஏர் ஃபிரெஷ்னர், சார்ஜர் வயர், சில்லறை எல்லாம் பையில். நான்கு வீல் கேப்பிலும் லோகோ நேராக நிற்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு பானெட்டைத் திறந்து வையுங்கள், மாற்றிய பாகங்களின் பில்கள் ஒரு ஃபைலில் சீட் மேல் இருக்கட்டும், யாராவது கட்டாயம் கேட்பார்கள்.