ஞாயிற்றுக்கிழமை சைக்கிளும் திங்கட்கிழமை சைக்கிளும்: தன்னார்வக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளுக்குப் பாதுகாப்பான சாலை வேண்டும் என்று சென்னையில் எங்கள் பகுதியில் ஒரு குழு ஆரம்பித்தபோது, நாங்கள் முதலில் செய்தது டீ-சர்ட் அடித்ததுதான். அடுத்து, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு பேரணி. கூட்டம் நன்றாகவே வந்தது. நாங்கள் கடந்து போவதற்காகச் சந்திப்பில் மற்ற வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். நின்றவர்களில் ஒருவர் பால் பாக்கெட் போடுபவர். கேரியரில் டப், ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பை. “சீக்கிரம் போங்க சார், வீட்டுக்காரங்க திட்டுவாங்க” என்றார். அன்று அந்தச் சந்திப்பில் பிழைப்புக்காகச் சைக்கிள் மிதித்த ஒரே ஆள் அவர்தான். சைக்கிளுக்காக நடந்த பேரணி அவரைத்தான் நிறுத்தி வைத்தது.

நாங்கள் பிறகு செய்த தவறுகளில் பாதி, இந்த ஒரு தவறின் கிளைகள்.

யாருக்காகக் கேட்கிறோம்?

ஞாயிறு காலையில் கியர் சைக்கிளில் போகிறவர்கள் வேண்டாதவர்கள் இல்லை. நானும் அதில் ஒருவன். ஆனால் நமக்குத் தேவை நீளமான, தடையில்லாத சாலை. வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்குத் தேவை இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு வழி, வெளிச்சம், வேலை பார்க்கும் வீட்டு வாசலில் பூட்டி வைக்க ஓர் இடம். ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும் வாட்ச்மேனுக்கும், ட்யூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கும், கேனில் டீ விற்பவருக்கும் வேறு வேறு தேவை. கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளி இன்னும் வேறு. பைக் ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் நெருக்கி நடும் தடுப்புக் கம்பி முதலில் தடுப்பது அவரைத்தான். இவர்கள் எவரும் குழுவின் வாட்ஸ்அப்பில் இல்லை. கூட்டத்தை ஞாயிறு காலையில் ஏ.சி. அறையில் வைத்தால் வரவும் மாட்டார்கள். நாங்கள் பஞ்சர் கடை வாசலுக்குக் கூட்டத்தை மாற்றிய பிறகுதான் விஷயமே தெரிய ஆரம்பித்தது. கடைக்காரருக்கு அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு சைக்கிளும், அது எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்பதும் அத்துப்படி.

இதை நன்றாகச் செய்து காட்டிய ஊர் நம்மிடமே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அங்கேயும் பேரணி நடந்தது. 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஊரே திரும்பிப் பார்த்தது. ஆனால் பேரணியில் வந்தவர்கள் மறுநாளும் அதே சைக்கிளில் தண்ணீர் எடுக்கப் போனார்கள், விளைந்ததை விற்கப் போனார்கள், பேருந்துக்காகக் காத்திருப்பதை விட்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதுதான் பிடித்திருக்கிறது என்றார்கள். காரணம், முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். இந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே ஒழிய, அறையில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

எண்ணாமல் பேசுவது

“இப்பல்லாம் யார் சார் சைக்கிள் ஓட்டுறாங்க?” அலுவலகங்களில் நாங்கள் அதிகம் கேட்ட வாசகம் இதுதான். இதற்கு ஆவேசமாகப் பதில் சொல்வது வீண். சந்திப்பில் நின்று எண்ணி, தாளை மேசையில் வைக்க வேண்டும்.

அதிலும் நாங்கள் சறுக்கினோம். காலை எட்டிலிருந்து பத்துவரை எண்ணினோம், அதுதானே நெரிசல் நேரம் என்று. அது கார்களின் நெரிசல் நேரம். துப்புரவுப் பணியாளர்கள் விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள். கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தம்பிகள் இருட்டிய பிறகு திரும்புவார்கள். காலை ஐந்தரையிலிருந்தும், இரவு ஒன்பதுவரையும் ஆள் போட்டு எண்ணியபோது கணக்கே வேறாக வந்தது. பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், சுமையோடு போகிறவர்கள், எதிர்த்திசையில் வருகிறவர்கள் என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். எதிர்த்திசையில் பலர் வந்தால் அவர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று பொருள் அல்ல. சென்டர் மீடியனில் திரும்பும் இடம் வெகுதூரத்தில் இருக்கிறது என்று பொருள்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள். அதை ஓட்டாமல் வீட்டில் நிறுத்தி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டாலே, எந்தச் சாலையைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல் தயாராகிவிடும். பல குழுக்கள் இந்தப் பள்ளி வாசல்களுக்குப் போனதே இல்லை.

மனு என்ற பெயரில் கட்டுரை

எங்கள் முதல் மனு நான்கு பக்கம். பருவநிலை மாற்றம், பெட்ரோல் விலை, இதய ஆரோக்கியம் எல்லாம் இருந்தது. ‘அனைத்துச் சாலைகளிலும் சைக்கிள் பாதை அமைக்க வேண்டும்’ என்று முடித்திருந்தோம். வாங்கியவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார். அதோடு சரி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் எந்த வேலையையும் தொடங்க முடியாது.

பிறகு ஒரு பொறியாளர்தான் சொன்னார்: “சார், அந்த ரோடு எங்களுதே இல்லை.” சாலை யாருடையது என்று தெரியாமல் மனு எழுதுவது இந்த வேலையில் ஆகப் பெரிய நேர விரயம். ஒரே சாலை மாநகராட்சியுடையதாகவோ, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ, தேசிய நெடுஞ்சாலையாகவோ இருக்கலாம். அதைத் தோண்டுவது குடிநீர் வாரியமாகவோ மின்வாரியமாகவோ இருக்கும். சிக்னல் நேரம் காவல்துறையின் பொறுப்பில் இருக்கும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சாலை எப்போது மறுசீரமைப்புக்கு வருகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டெண்டருக்கு முன் கேட்டால் வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும். தார் போட்ட பிறகு அதையே கேட்டால் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

அடுத்து, ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. எங்களுக்கு முதலில் கிடைத்த வெற்றி சைக்கிள் பாதை அல்ல, வடிகால் மூடி. மழைநீர் வடிகாலின் இரும்பு மூடிகளில் கம்பிகள் சாலையின் போக்கிலேயே ஓடின. சைக்கிளின் ஒல்லியான டயர் அந்த இடுக்கில் இறங்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். கம்பி குறுக்காக வருமாறு மூடியைத் திருப்பி வைக்கச் சொல்லி, பதினோரு மூடிகளின் படத்தையும் இடத்தையும் ஒரே பக்கத்தில் கொடுத்தோம். உதவிப் பொறியாளர் தன் அளவிலேயே முடித்துவிட்டார். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் எங்களுக்கு நாற்காலி கிடைத்தது.

இன்னொன்று, அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை எடுத்துக்காட்டாமல் விடுவது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. இதைச் சுட்டிக்காட்டினால், நாம் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை, கொடுத்த வாக்கை நினைவூட்டுகிறோம் என்றாகிவிடும்.

ஹெல்மெட் பாடமும் ஆம்ஸ்டர்டாம் படமும்

விபத்து நடந்தவுடன் சைக்கிள்காரருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தாதீர்கள். லாரியின் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இறந்தவர் ஹெல்மெட் போட்டாரா, சைக்கிளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினாரா என்று பேசுவது அநியாயம்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் போன்ற வெளிநாட்டு ஊர்களின் சைக்கிள் பாதைப் படங்களைக் காட்டினால் “அது ஃபாரின் சார்” என்பார்கள். காட்டுவதானால் பழைய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெதர்லாந்தும் ஒரு காலத்தில் கார்களிடம் தெருவை இழந்த நாடுதான். 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் மட்டும் 400-க்கும் மேல். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே பெற்றோர்கள் இயக்கம் நடத்தினார்கள்.

கடைக்காரரை எதிரியாக்குவது

சைக்கிள் பாதை என்றதும் பார்க்கிங் போய்விடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவது இயல்பு. அவர்களை முதன்முதலில் பொதுக் கூட்டத்தில் சந்தித்தால் சண்டைதான். முன்கூட்டியே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குங்கள். அவர்களின் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் நடந்தும் சைக்கிளிலும் வருகிறார்கள் என்று அவர்களையே ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டுப் பாதை போடச் சொல்வது அதைவிட மோசம். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பது ஒருபுறம் இருக்க, ராத்திரி அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் வரத் துணிவது அவர்களின் விளக்கு வெளிச்சத்தை நம்பித்தான்.

வெறும் பெயின்டைப் பாதை என்று ஏற்றுக்கொள்வதும் தவறு. பச்சை வண்ணம் அடித்த மறுநாளே அது கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். ஒரு சைக்கிளை இன்னொன்று முந்த இரண்டு மீட்டராவது வேண்டும், உயர வித்தியாசமோ தடுப்போ வேண்டும், சந்திப்பில் பாதை அறுபடக் கூடாது. இதற்கு இடமில்லாத தெருவில் பாதை கேட்காமல் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லா வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் போகும் தெருவுக்குத் தனிப் பாதையே தேவையில்லை.

கிடைத்ததும் கலைந்துபோவது

ஒரு வேலை முடிந்ததும் குழு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடும். எல்லாக் கோப்பும் ஒருவரின் போனில் இருக்கும், அவர் வேலை மாறி பெங்களூர் போய்விடுவார். மனுவின் நகல், ஒப்புகை எண், தேதியிட்ட படம் மூன்றையும் குறைந்தது மூன்று பேர் வைத்திருங்கள். மாதம் ஒரு முறை யாராவது அந்தச் சாலையில் சைக்கிளில் போய் வரட்டும்.

போன முறை மழைக்கு முன்னால் எங்கள் பகுதியில் வடிகால் தூர்வாரினார்கள். வேலை முடிந்து மூடும்போது, பதினொன்றில் மூன்று மூடிகளைப் பழையபடி நீளவாக்கில் வைத்துவிட்டார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. பஞ்சர் கடைக்காரர்தான் போன் செய்து சொன்னார்.