பண்ணைக் குளத்துக் கரைக்கு ஆபத்து வகை குறிப்பது எப்படி? (செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள்)

உத்திரமேரூர் பக்கம் பெரியப்பாவுக்கு ஐந்து ஏக்கரில் ஒரு குளம். ஓடையை மறித்து மண்கரை போட்டு, மீன் விட்டு, இரண்டு மிதிபடகும் வாங்கி வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். போன ஆடியில் "இது உடைஞ்சா யாருக்கு என்னடா ஆயிடும்?" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரியில் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? கரைக்கு ஆபத்து வகை குறித்துவிடலாம் என்று மறுவாரமே டேப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

முதலில் சட்டம். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளைப் பார்க்கும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். நம் கரை நாலரை மீட்டர். அந்தச் சட்டப்படி யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, நாமே பார்த்தால்தான் உண்டு.

அடுத்து தண்ணீரின் அளவு. நீர்ப்பரப்பு × அதிகபட்ச ஆழம் × 0.4. எங்களுக்கு 20,000 சதுர மீட்டர் × 4 மீட்டர் × 0.4 = 32,000 கன மீட்டர். மண்கரை உடைந்தால் உச்சத்தில் எவ்வளவு பாயும் என்பதற்கு ஃப்ரோலிக் என்ற பொறியாளர் 1995இல் தந்த சூத்திரம் இருக்கிறது: 0.607 × கொள்ளளவின் 0.295 அடுக்கு × ஆழத்தின் 1.24 அடுக்கு. விடை வினாடிக்குச் சுமார் 72 கன மீட்டர், அதாவது 2,500 கன அடி. கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆனாலும் 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த 29,000 கன அடியில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு!

உயரம் பார்க்க மொபைல் ஆப் வேண்டவே வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும், பொய் சொல்லாது. கரையின் நடுவில் மாடுகள் இறங்கி ஏறிய தடம் 35 செ.மீ. தாழ்ந்திருந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது. பெருமழையில் கலங்கல் (குளம் நிரம்பினால் உபரி நீர் வழியும் வாய்) தாங்காமல் மட்டம் ஏறினால் தண்ணீர் முதலில் அங்கேதான் வழியும்.

(பிற்சேர்க்கை: உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல. கரையின் அடித்தளத்தில் மிகத் தாழ்வான இடத்திலிருந்து உச்சி வரை.)

இனி நான் சறுக்கிய இடம். கரை கெட்டியாக இருக்கிறது, எலி வளை இல்லை, கசிவு இல்லை, எனவே 'குறைந்த ஆபத்து' என்று எழுதிவிட்டேன். முழுத் தப்பு. ஆபத்து வகை கரையின் உடல்நிலையைச் சொல்வதில்லை. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அமெரிக்கர்களின் மூன்று வகை எளிது: ஓர் உயிராவது போகும் என்று எதிர்பார்க்க வேண்டியிருந்தால் உயர்ந்தது. உயிர்ச்சேதம் இருக்காது, ஆனால் சாலை, மின்கம்பம், பிறர் சொத்து போகும் என்றால் நடுத்தரம். நஷ்டம் பெரும்பாலும் உரிமையாளரோடு போய்விடும் என்றால் குறைவு. புத்தம்புதுக் கரையும் உயர்ந்த வகைக்குள் வரலாம்.

எனவே ஓடை வழியே கீழே நடங்கள். செயற்கைக்கோள் படத்தில் எங்களுக்குக் கீழே வெறும் கருவேலங்காடு. நடந்து போனால், 600 மீட்டரில் புது மனைப்பிரிவு. ஓடையை ஒட்டி வேலையாட்களின் நாலு தகரக் கொட்டகை. ஒன்றில் சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே குழந்தை. அங்கேயே நின்று 'குறைவு' என்பதை அடித்துவிட்டு 'உயர்ந்தது' என்று எழுதினேன். வருடா வருடம் நடக்க வேண்டும், மனைப்பிரிவு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அப்புறம் கலங்கல். மீன் போய்விடும் என்று பெரியப்பா அதில் வலை கட்டியிருந்தார். வலை முழுக்கச் சருகு. 1889இல் பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று வைத்திருந்த சவுத் ஃபோர்க் அணையிலும் மீன் தப்பாமலிருக்கக் கலங்கலில் தடுப்பு போட்டிருந்தார்கள், அதில் குப்பை அடைத்துக்கொண்டது. மழையில் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் பக்கம் 2,209 பேர் இறந்தார்கள். தடுப்பு மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம்.

மேஸ்திரியிடம் பேசிக் கொட்டகைகளை மேட்டுக்கு மாற்றச் சொன்னோம், புரட்டாசிக்குள் மாற்றிவிட்டார். மாட்டுத்தடத்தை மண் போட்டுக் கெட்டித்தோம். வலையையும் அவிழ்த்தாயிற்று. ஐப்பசியில் கலங்கல் பாய்ந்தபோது கெண்டை கொஞ்சம் போனது. பெரியப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.