அயர்லாந்துக் கிராம வழக்காறுகளைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்வே பக்கம் களப்பணிக்கு வரும் புதியவர்களுக்கு உதவி வருகிறேன். கருவியில் சார்ஜ் இல்லாமல் போவது, அனுமதி கேட்க மறப்பது போன்றவை தாமாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊரும் பேரும் இல்லாத பதிவு

"அயர்லாந்து மக்கள் புனித பிரிஜித் திருநாளுக்கு முந்தைய இரவு கோரையில் நான்கு கைச் சிலுவை பின்னுவார்கள்." குறிப்பேட்டில் இப்படி ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். எந்த ஊர் மக்கள்? வடக்கே டோனகல் பக்கம் மூன்று கைச் சிலுவையும் உண்டு. சில இடங்களில் குச்சிகளின்மேல் வைக்கோலைச் சுற்றிச் சாய்சதுரமாக்குவார்கள். கால்வே பகுதியில் வைக்கோல் கயிற்றைப் பெரிய வளையமாக முறுக்கி, அதனுள் நுழைந்து வெளியே வருவார்கள். கெர்ரியில் வைக்கோல் தொப்பி அணிந்த குழுவினர் வீடு வீடாகப் போவார்கள். நான்கு கை வடிவத்தைத் தேசியத் தொலைக்காட்சி பல ஆண்டுகள் சின்னமாக வைத்திருந்ததால், அது ஒன்றே வழக்கம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஓர் இளைஞர் நீண்ட ஒலிப்பதிவு ஒன்றைக் கொண்டுவந்தார். மே முதல் நாள் காலையில் பாலோ அடுப்புத் தணலோ வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் அந்த ஆண்டின் வெண்ணெய் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று ஒரு மூதாட்டி சொல்கிறார். நடுவில் நிறுத்தி, ஓடைக்கு அப்பால் இருந்த ஒரு வீட்டைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். எந்த ஓடை? "கிளேரில் ஒரு பாட்டி" என்பதற்கு மேல் அந்த இளைஞரிடம் பதில் இல்லை. பாட்டிக்கு யார் சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. மறுபடி விசாரிப்பதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். அந்தப் பதிவை இனி எந்த ஊரோடும் சேர்க்க முடியாது.

1935இல் அமைந்த நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். எழுதி முடித்ததும் மெழுகைச் சீவி அதிலேயே மறுபடி பதிவார்கள். குரல் போய்விடும், தாள் மட்டுமே மிஞ்சும். அதனால்தான் சொன்னவர் பெயர், வயது, ஊர், அவருக்குச் சொன்னவர் எல்லாவற்றையும் அத்தனை கவனமாகக் குறித்தார்கள். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். அந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். பதினோரு வயதுப் பிள்ளை மைக்கறையோடு, "இதைச் சொன்னவர் என் தாத்தா" என்று பெயரும் ஊரும் எழுதி முடித்திருக்கும். கையில் செல்பேசி வைத்திருப்பவருக்கு அது ஏன் முடியவில்லை?

கிளேர் போன்ற கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயர் போதாது. இந்தத் தீவில் 60,000க்கும் அதிகமான டவுன்லேண்டுகள், அதாவது தனிப் பெயர் கொண்ட சிறு நிலப்பிரிவுகள், இருக்கின்றன. அந்தப் பெயரைக் கேளுங்கள். பேட்டி தொடங்கும் முன்பே கேளுங்கள்.

"தேவதைகளை நம்புகிறீர்களா?"

இதைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டுத் தேநீர் போட எழுந்துவிடுவார்கள். வயல் நடுவே அந்த ஹாதார்ன் மரத்தை, அதாவது தேவதைகளுக்கு உரியது என்று ஊரார் கருதும் முள்மரத்தை, மட்டும் ஏன் வெட்டாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். கிளேரில் லட்டூன் என்ற இடத்தில், 1999இல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, நெடுஞ்சாலைப் பணியே அப்படியொரு மரத்தைக் காப்பாற்றிக்கொண்டு போனது. பேச்சு அங்கிருந்து தானாகவே வரும்.

புனிதக் கிணற்று மரத்தில் நைலான் ரிப்பன்

கட்டாதீர்கள். நோய் தீர வேண்டி அந்த மரத்தில் துணி கட்டுவார்கள்; துணி மட்க மட்க நோய் தீரும் என்பதுதான் நம்பிக்கை. நைலான் மட்காது, கிளையை இறுக்கும்.

கோடைப் பகலில் நெடுங்கதை கேட்பது

அவை குளிர்கால இரவுகளுக்கு உரியவை. நவம்பரில் போங்கள்.