மௌனப் பட ஸ்டில்: உரிமை யாருடையது?

ஸ்டில் என்றால் இரண்டு வகை. படச்சுருளிலிருந்தே எடுத்த ஃபிரேமுக்குப் படத்தின் காப்புரிமை நிலைதான் பொருந்தும். விளம்பரத்துக்காகத் தனிப் புகைப்படக்காரர் எடுத்தது வேறு படைப்பு. அதன் உரிமையைத் தனியே பார்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அமெரிக்காவில் அக்காலப் படங்களுக்கு, வெளியான ஆண்டோடு 95-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு முடிந்ததும் பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். 1927-இல் வந்த ஜெர்மன் மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்' அங்கே 2023 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஜெர்மனியிலோ இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1976-இல் இறந்ததால், அதிலிருந்து 70 ஆண்டு, அதாவது 2046 முடியும்வரை காப்புரிமை உண்டு. ஆகவே எந்த நாட்டில் வெளியிடுகிறீர்கள் என்பதே முதல் கேள்வி.

மீட்டெடுத்த புதிய பதிப்பிலிருந்து ஃபிரேம் எடுத்தால், பின்னாளில் சேர்த்த, தனி உரிமை இருக்கக்கூடிய எழுத்து அட்டைகளையும் (காட்சிகளுக்கிடையே வரும் வசன அட்டைகள்) வண்ணப்பூச்சையும் தவிர்ப்பது நல்லது.