தேரின் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரிகிறதா? மினிடிவி வீடியோவைச் சரிசெய்யும் முறை

கோணேசர் கோயில் தேர்த்திருவிழா, கலியாண வீடு என்று மினிடிவி (MiniDV) கமராக் கசெட்டில் எடுத்ததைக் கணினியில் போட்டால், நிற்கிற கோபுரம் தெளிவாக இருக்கும்; நகர்கிற தேரின் விளிம்பு மட்டும் சீப்புப் பல்லாகப் பிசிறும். கசெட்டில் பழுதில்லை. நம் நாட்டுப் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படத்திலும் 288 கோடுகள் கொண்ட இரண்டு பீல்டுகள் (ஒன்றுவிட்டொரு கோடாக எடுத்த பாதிப் படங்கள்), ஒன்றுக்கொன்று 1/50 விநாடி இடைவெளியில். அதற்குள் தேர் நகர்ந்துவிடும். பழைய குழாய் ரீவி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது; கணினி ஒட்டிக் காட்டுகிறது. இதுதான் இன்டர்லேஸ்.

1. வீஎல்சி (VLC) பிளேயரில் திறந்து, வீடியோ மெனுவில் டிஇன்டர்லேஸை (இன்டர்லேஸை நீக்கும் வசதியை) 'ஓஃப்' ஆக்குங்கள். தானியங்கி நிலையில் விட்டால் அது பிசிறை மறைத்துவிடும். பிறகு ஈ (E) விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். அசையும் இடத்தில் மட்டும் கிடைக்கோடாகப் பிசிறினால் இன்டர்லேஸ். அசையாத மின்கம்பியும் ஓட்டு விளிம்பும் படிக்கட்டாகத் தெரிந்தால் அது வேறு கோளாறு; கீழே சொல்லும் வழி உதவாது.

2. கோப்பின் அளவைப் பாருங்கள். பலரும் இடறும் இடம் இதுதான். 720×576 என்றால் நல்லது. யாராவது பிசிறோடேயே 1280×720 ஆகப் பெருப்பித்திருந்தால் இரண்டு பீல்டின் கோடுகளும் கலந்து அலையலையாகிவிடும். எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. 640×480 ஆகச் சுருக்கியதும் அப்படியே. கசெட்டிலிருந்து மறுபடி எடுப்பதே வழி. கமராவைக் கணினியோடு நேரே டிஜிட்டலாக இணைக்கும் பயர்வயர் (FireWire) வயரில் எடுங்கள், மணித்தியாலத்துக்குச் சுமார் 13 ஜிபி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் யூஎஸ்பி வீடியோ கப்சர் குச்சிக்கு எடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்: டிஜிட்டலில் இருப்பதை அனலொக் ஆக்கி மீண்டும் டிஜிட்டலாக்குவதில் தரம் வீணாகிறது.

3. வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் பில்டர்ஸ் பகுதிக்குப் போய் இன்டர்லேஸ் டிடெக்ஷனை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பிசிறு கண்ட படங்களை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடும். டிஇன்டர்லேஸில் பிடபிள்யூடிஃப் (Bwdif) முறையைத் தெரியுங்கள், அது இல்லாத பழைய பதிப்பில் யாடிஃப் (Yadif). பிரீசெட் 'பொப்' (Bob). ஒவ்வொரு பீல்டும் தனிப் படமாவதால் படவேகத்தை 50 ஆக்குங்கள். 25இல் விட்டால் பாதி அசைவு போய்விடும். பாதிக் கோடுகளை வெட்டி எறிகிற 'டிஸ்கார்ட்' வகை வழிகள் எந்த மென்பொருளில் இருந்தாலும் வேண்டாம்.

4. யூடியூபுக்கு என்றால் அப்ஸ்கேலிங்கை (பெருப்பித்தலை) அனுமதித்து, 4:3 படத்தை 960×720 ஆக்குங்கள். 720க்குக் கீழே யூடியூப் 50 படவேகத்தை வைத்துக்கொள்ளாது. ஹேண்ட்பிரேக் முதலில் டிஇன்டர்லேஸ் செய்து பிறகுதான் பெருப்பிக்கும், கவலை வேண்டாம்.

பின்சேர்க்கை: பிசிறு போய், ஆட்கள் முன்னும் பின்னும் உதறுகிறார்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பீல்டு வரிசை மாறிவிட்டது. மினிடிவியில் கீழ் பீல்டு முதலில். ஏவிசிஎச்டி (AVCHD) முறையில் பதியும் எச்டி கமராக்களில் பெரும்பாலும் மேல் பீல்டு முதலில். ஷொட்கட் (Shotcut) எடிட்டிங் மென்பொருளில் கோப்பின் பண்புகளில் வரிசையை மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள்.

இன்னொன்று: கடற்கரை ஈரக்காற்றில் கிடந்த கசெட்டில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் கமராவுக்குள் போடாதீர்கள். கசெட்டைப் படிக்கும் தலை (ஹெட்) அடைபட்டு, அடுத்த நல்ல கசெட்டும் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.